ஒரு பையில் ஐந்து புத்தகம்: கொடைக்கானல் நாட்குறிப்பு

வியாழன்: வத்தலக்குண்டு வழியாக

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு நேர் பேருந்து கிடைக்கவில்லை. வத்தலக்குண்டில் இறங்கி மாறினோம். கூட வந்த தங்கைக்கு (சித்தப்பா மகள்) அதில் ஏக எரிச்சல். எனக்கு இல்லை. தமிழில் கதை படிக்கிறவர்கள் இந்தப் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மலையேற வேண்டும் என்பது என் கட்சி. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் இந்த ஊர்க்காரர். 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையா இந்த ஊர். 'எழுத்து' பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பாவுக்கும் இதுதான் ஊர். ஒரு சந்தை ஊருக்கு இது கொஞ்சம் அதிகப்படிதான். டீக்கடையில் இந்தப் பெயர்களைச் சொல்லி விசாரிக்க எனக்கு ஆசை. தங்கை கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டாள்.

என் பையில் ஐந்து புத்தகம். அவள் பையில் ஒன்றே ஒன்று, எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', தலையணை கனம். "அஞ்சையும் அங்க போய்ப் படிக்கப் போறியா, அடுக்கி வைக்கப் போறியாக்கா?" என்றாள். முதல் பக்கத்தில் ஏறிக் கடைசிப் பக்கத்தில் இறங்குவது அவள் வழக்கம். நான் நாலைந்தைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கங்கே மேய்கிறவள். எங்கள் வீட்டில் எனக்கு நுனிப்புல் என்றே பெயர் உண்டு.

ஐந்தில் ஒன்று மட்டும் இந்த மேய்ச்சலுக்கு ஒத்துவரவில்லை. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. ஆரப்பாளையத்தில் பேருந்து கிளம்பும்போது, சும்மா நாலு பக்கம் பார்ப்போம் என்றுதான் எடுத்தேன். செல்லாயி சாட்டு ஜல்லிக்கட்டு. வாடிவாசலுக்கு முன்னால் பிச்சி நிற்கிறான், பக்கத்தில் மச்சான் மருதன். அப்பனைக் குத்திப்போட்ட காரிக் காளை எப்போது வெளியே வரும் என்று காத்திருக்கிறான். அந்த இடத்தில் மூடிவைத்துவிட்டு வேறு புத்தகத்துக்குப் போக யாரால் முடியும்? பேருந்து வத்தலக்குண்டுக்குள் நுழைவதற்குள் முடித்துவிட்டேன். சில புத்தகங்களுக்குப் பங்காளியே ஆகாது. செல்லப்பாவின் கதை செல்லப்பாவின் ஊரில் முடிந்தது தற்செயல்தான். தங்கையிடம் முன்பே போட்ட திட்டம் என்று சொல்லிவைத்தேன்.

காமக்காப்பட்டி தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் யாராலும் எதையும் படிக்க முடியாது. தங்கை புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு தன் நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகோவை மூடிவிட்டாள். டம் டம் பாறையில் எதிர்மலைச் சரிவில் தலையாறு அருவி தெரிந்தது. கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். எலிவால் அருவி என்றும் சொல்கிறார்கள். பார்த்தால் பெயரை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஊத்து வரும்போது காது அடைத்தது. பெருமாள்மலையில் மேகம் சாலைக்கே இறங்கியிருந்தது. சொந்தக் காரில் வந்திருந்தால் இ-பாஸ் எடுத்திருக்க வேண்டும், அரசுப் பேருந்தில் அந்தத் தொல்லை இல்லை. அறை நாயுடுபுரத்தில். ஹீட்டர் இருக்கிறது என்று ஃபோனில் சொன்னார்கள். இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளி: நாள் முழுக்க மழை

ஐப்பசியில் கொடைக்கானல் வந்தால் மழையைத்தான் பார்க்கலாம். சீசன் கூட்டத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

இன்று அத்தையின் பைண்டு புத்தகத்தைப் பிரித்தேன். நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்ற பெயரில் 'கல்கி'யில் எழுதிய 'குறிஞ்சி மலர்'. 1960-இல் வந்த தொடர். அத்தை அப்போது பாவாடை தாவணி. வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து அடுக்கி, கதை முடிந்ததும் சணல் நூலால் தைத்து அட்டை போட்டு வைத்திருக்கிறார். முதுகில் மையால் எழுதிய பெயர் பாதி அழிந்துவிட்டது. தாள் பழுப்பேறி ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஒரு அத்தியாயம் படித்துவிட்டு எழுந்தால் மடியைத் தட்டிவிட வேண்டியிருக்கிறது. அந்துருண்டை வாசம். கதையோடு சேர்ந்து மற்ற சங்கதிகளும் பைண்டாகியிருக்கின்றன. ஒரு தாளின் பின்னால் துணுக்கு, இன்னொன்றின் பின்னால் கூந்தல் தைல விளம்பரம். பூரணி கண்கலங்கும் பக்கத்தைத் திருப்பினால் வேறு யாரோ எழுதிய கதையின் கடைசிப் பத்தி, தலையும் இல்லை வாலும் இல்லை. அதையும் விடாமல் படித்தேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். தமிழ்ப் பேராசிரியரின் மகள் பூரணி, அப்பா இறந்தபின் தம்பி தங்கைகளைக் கரையேற்றுகிறவள். அச்சகத்தில் வேலை பார்க்கும் அரவிந்தன். இரண்டு பேரும் லட்சியமே உருவானவர்கள். இவ்வளவு நல்லவர்களை இன்று ஒரு நாவலில் வைத்தால் வாசகர் சந்தேகப்படுவார். அன்றைக்கு எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்குப் பூரணி, அரவிந்தன் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு நா.பா.வின் அறிவுரை அலுக்கிறது. அத்தியாயம் தொடங்கும்போதே ஒரு பாட்டு வரி, அப்புறம் நடுநடுவே வாழ்க்கைத் தத்துவம். ஆனால் மழையில் வெளியே போக வழியில்லாமல் மெதுவாகப் படித்ததில் ஒன்று புரிந்தது. வாரம் ஒன்றாகப் படித்தவர்களுக்கு இது அலுத்திருக்காது. ஏழு நாளைக்கு ஓர் அறிவுரை யாருக்கும் தாங்கும். நாம்தான் முப்பது வாரத்தை ஒரே மத்தியானத்தில் விழுங்கிவிட்டு நெஞ்சைக் கரிக்கிறது என்கிறோம்.

இங்கேதான் தங்கையோடு வாக்குவாதம் வந்தது.

"நாலு புத்தகத்த ஒண்ணாப் படிக்கிறதெல்லாம் ஃபோன் வந்த பிறகு வந்த வியாதிக்கா. மனசு ஒரு எடத்துல நிக்கிறதில்ல."

பைண்டு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். இதை அத்தை எப்படிப் படித்திருப்பார்? கல்கியில் ஒன்று, விகடனில் ஒன்று, குமுதத்தில் ஒன்று, மாதம் பிறந்தால் கலைமகள். ஒரே பத்திரிகையிலேயே ஒரு சமூகக் கதையும் ஒரு சரித்திரக் கதையும் ஓடும். எல்லாம் பாதியில் நிற்கும், எல்லாவற்றின் அடியிலும் 'தொடரும்' என்று இருக்கும். 'பொன்னியின் செல்வன்' 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்தது. அவ்வளவு காலமும் வேறு கதையைத் தொடாமல் வந்தியத்தேவனோடு மட்டும் யாராவது குடித்தனம் நடத்தியிருப்பார்களா? நம் பாட்டிகளும் அத்தைகளும் நாவல் படிக்கப் பழகியதே இப்படித்தான். ஒரு நாவலை வாங்கி, மற்றதையெல்லாம் தள்ளிவைத்து, ஒரே மூச்சில் முடிப்பதுதான் பின்னால் வந்த வழக்கம். புத்தகம் வாங்கக் கையில் காசு புரண்ட பிறகு வந்தது.

"பத்திரிகைக்காரன் அப்படிக் குடுத்தான், வேற வழியில்லாம படிச்சாங்க. உனக்கு என்ன வந்துச்சு?"

நல்ல கேள்விதான். அதனால் நேரே பதில் சொல்லாமல் அவளுடைய புத்தகத்துக்கே போனேன். தஸ்தயேவ்ஸ்கி 'குற்றமும் தண்டனையும்' நாவலை 1866-இல் 'ரஷ்யத் தூதன்' என்ற மாதப் பத்திரிகையில் தொடராகத்தான் எழுதினார். அதே பத்திரிகையில் அதே வருஷம் தல்ஸ்தோயும் எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் 'போரும் வாழ்வும்' ஆனதன் தொடக்கப் பகுதிகள், '1805' என்ற தலைப்பில். ஒரே சந்தாவுக்கு இரண்டு பேரும். கிழவியின் வாசலில் கோடரியோடு ஒருவன் நிற்பதைப் படித்துவிட்டு, அப்படியே நெப்போலியன் காலத்துப் போர்க்களத்துக்குப் போயிருப்பார்கள் அந்த ஊர்ச் சந்தாதாரர்கள்.

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "மண்டை குழம்பியிருக்கும், பாவம்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

சனி: பூம்பாறை

காலையில் வெயில் லேசாக எட்டிப்பார்த்தது. பேருந்தில் பூம்பாறை போனோம். கையில் மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்', சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த இயற்கைக் கட்டுரைகள். பேருந்துக்கு ஏற்ற புத்தகம். ஒரு கட்டுரையை முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம், திரும்பி வந்தால் அடுத்தது. கிருஷ்ணன் உருகுகிற ஆளே இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்வார், கறாராக. 1950-இல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவர் தொடங்கிய பத்தி 1996-இல் அவர் இறக்கும்வரை நிற்கவில்லை. தொடர் என்று பார்த்தால் அத்தை சேர்த்துவைத்த எல்லாத் தொடர்களும் இதற்கு முன்னால் நேற்றுப் பிறந்தவை.

அவரைப் படித்துக்கொண்டே கொடைக்கானலில் பேருந்தில் போவது நிம்மதியான காரியம் இல்லை. வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவது அவருக்கு ஆகவே ஆகாது. ஜன்னலுக்கு வெளியே வாட்டில், தைல மரம், பைன், மறுபடி வாட்டில். பைன் காட்டில் ஒரு கல்யாண ஜோடிக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த உயரத்தில் இயல்பாக இருந்தது புல்வெளி. ஓடை ஓடும் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. வெள்ளைக்காரர்கள் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்த மரங்களை, சுதந்திரத்துக்குப் பிறகு காடு வளர்ப்பு என்று சொல்லிப் புல்வெளி மேலேயே நட்டார்கள். புல்லைப் பார்த்தால் தரிசு என்றுதானே தோன்றும். சோலை உறிஞ்சியும் புல் பிடித்துவைத்தும் விடுகிற தண்ணீர்தான் கீழே ஓடைகளாகப் போகிறது என்று அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

குறிஞ்சிச் செடி வளர்வதும் அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான். நேற்று நா.பா.வின் குறிஞ்சியைப் படித்திருந்தேன். இன்று கிருஷ்ணனோடு வரும்போது, அந்தச் செடி நிற்க இடம் எங்கே மிச்சம் இருக்கிறது என்று கண் தேடியது. நா.பா.வை மட்டும் படித்திருந்தால் நான் பூவைப் பற்றி யோசித்திருப்பேன், மண்ணைப் பற்றி யோசித்திருக்க மாட்டேன். இதைத் தங்கையிடம் சொன்னேன். "அதுக்குப் புத்தகமே வேண்டாமே, ஜன்னல் போதுமே" என்றாள். அவளிடம் எதையும் சுலபத்தில் விற்க முடியாது.

போகிற பாதையில்தான் சூரிய ஆய்வகம். 1909-இல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டுபிடித்த இடம். நூறு வருஷத்துக்கும் மேலாக, வானம் விடுகிற நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறார்கள். நேற்றைய கணக்கில் ஒன்றும் சேர்ந்திருக்காது.

பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். எதிரே படிப்படியாக இறங்கும் தோட்டங்கள், பூண்டும் கேரட்டும். பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பலகையில் வைத்தேன், பையில் ஈரம் இறங்கியிருந்தது.

"என்னம்மா, பரிட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கேட்டார் கடைக்கார அக்கா.

"இல்லக்கா, சும்மாதான்."

"சும்மா படிக்கவா இம்புட்டுத் தூக்கிட்டு வந்தீக?"

தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அந்த அக்கா புத்தகக் குவியலில் பைண்டை மட்டும் எடுத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படங்களாகப் பார்த்துத் தள்ளினார். "எங்கம்மாவும் இப்படித்தான் தச்சு வச்சிருந்துச்சு. வீடு மாத்தையில எடைக்குப் போட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டு வடை எடுக்கப் போனார். வேறொன்றும் பேசவில்லை. வரும்போது பூண்டு வாங்கினோம். புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு. உரிக்கும்போதே கண் எரிகிறது.

இருட்டும் நேரத்தில் நாயுடுபுரம் சந்தில் காட்டெருமை ஒன்று வழியை மறித்து நின்றது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை, மேலே ஈரத்தில் மின்னும் கறுப்பு. யாரோ கொட்டியிருந்த முட்டைக்கோஸ் இலையை அவசரமே இல்லாமல் மென்றது. மெல்லும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. காது மடலில் ஒரு கிழிசல். "நில்லுங்கம்மா, அதுவாப் போகும்" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர், கதவைச் சாத்தக்கூட இல்லை. அது போக எடுத்துக்கொண்ட நேரத்தில் கிருஷ்ணன் ஒரு கட்டுரையை முடித்து, பேனாவால் படமும் வரைந்திருப்பார்.

ஞாயிறு: சந்தை, கோயில்

ஞாயிற்றுச் சந்தையில் பீன்ஸும் சௌசௌவும் வாங்கினோம். மதுரையில் கிடைக்காததா என்றால், கிடைக்கும்.

மத்தியானம் குறிஞ்சி ஆண்டவர் கோயில். வெளிநாட்டில் பிறந்து, இந்துவாக மாறி, இலங்கையின் பொன்னம்பலம் ராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் 1936-இல் கட்டியது. அடுத்த வருஷம் 1937-இல் உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஆனால் நான் கையில் வைத்திருந்தது அந்த உரைதான் என்பதால் மனம் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

குறுந்தொகையை நாளுக்கு ஒரு பாட்டு என்ற கணக்கில்தான் படிக்க முடியும். நாலு வரிப் பாட்டு, அதற்குப் பின்னால் உரையும் விளக்கமும். இரண்டாவது பாட்டுக்குப் போனால் முதல் பாட்டு மங்கிவிடும். இன்றைக்கு மூன்றாம் பாட்டு, தேவகுலத்தார் பாடியது. மேடைப் பேச்சில் அடிபட்டு அடிபட்டு நமக்குக் காதில் ஏறாமலே போய்விட்ட பாட்டு. நிலத்தைவிடப் பெரிது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழம் என்று தலைவி தன் காதலை அளக்கிறாள். யாருடைய காதல்? கருங்கோல் குறிஞ்சிப் பூவிலிருந்து தேனீ பெருந்தேன் சேர்க்கிற மலைநாட்டுக்காரனோடு கொண்ட காதல்.

கோயில் படியில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். பாட்டில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் என்ற பேச்சே இல்லை. குறிஞ்சி என்றாலே நாமெல்லாம் முதலில் சொல்வது அதைத்தான். நா.பா. அதன் மேல்தான் கதையையே கட்டுகிறார்; குறிஞ்சி போல அபூர்வமாகப் பூத்தவள் பூரணி. தேவகுலத்தாருக்குப் பூ அபூர்வமா இல்லையா என்பது பொருட்டில்லை. அவருக்குத் தேன் வேண்டும். சின்னச் சின்னப் பூவிலிருந்து துளித்துளியாக யாரோ உட்கார்ந்து சேர்த்த தேன். ஒரே செடியிலிருந்து ஒருவர் தேனை எடுத்துக்கொண்டார், ஒருவர் காலண்டரை எடுத்துக்கொண்டார். கிருஷ்ணன் கட்சிக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால், குறிஞ்சி என்று ஒரே செடி கிடையாது, அந்த இனத்தில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் பூக்க ஒரு கணக்கு உண்டு என்று ஆரம்பித்திருப்பார். நான் தேவகுலத்தார் பக்கம்.

இதுதான் குறிஞ்சி என்று ஒரு புதரைக் காட்டினார்கள். இடுப்பளவு. இலை ஓரமெல்லாம் பல்பல்லாக. கிளையைத் தடவிப் பார்த்தேன், கறுப்பாகத்தான் இருந்தது. பாட்டில் வரும் கருங்கோல் இதுதானா, மழையில் நனைந்த எந்தக் குச்சியும் இப்படித்தான் இருக்குமா என்று தீர்மானிக்க முடியவில்லை. 2018-இல் பூத்தது, அடுத்து 2030. பின்னால் எண்ணிக்கொண்டே போனால் 2006, 1994, 1982, 1970, 1958. அத்தை கல்கியைப் பிரித்தபோது மலையில் பூ முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அவர் அதைப் பார்த்ததில்லை. கொடைக்கானலுக்கே வந்ததில்லை.

ராத்திரி பைண்டைக் காணோம் என்று தேடினால் தங்கையின் போர்வைக்குள் டார்ச் வெளிச்சம். ரஸ்கோல்னிகோவ் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார், பாதியில். நான் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கள்: இறக்கம்

பேருந்து கிளம்பும்வரை 'கமலாம்பாள் சரித்திரம்'. ராஜமய்யர் இதைத் தொடங்கும்போது அவருக்கு 21 வயது. 'விவேக சிந்தாமணி'யில் 1893-லிருந்து 1895 வரை மாதாமாதம் வந்தது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வருகிற இடமெல்லாம் இன்றும் வாய்விட்டுச் சிரிக்கலாம். பின்பாதியில் கதை வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது, பலரும் சொல்லும் குறைதான். எனக்கும் அங்கே கால் பின்னுகிறது. மாதம் ஒன்றாக ஊருக்குப் போய்ப் படித்துக்கொள்கிறேன். அந்தக் கால வாசகர்களும் அந்த வேகத்தில்தானே வேதாந்தத்துக்குப் போனார்கள்.

ராஜமய்யருக்குச் சற்று முன்னால் அதே 'விவேக சிந்தாமணி'யில் அ. மாதவையா 'சாவித்திரி சரித்திரம்' என்று ஒரு தொடரை ஆரம்பித்தார், அது பாதியில் நின்றுபோனது. இருவரும் 1872-இல் பிறந்தவர்கள். ராஜமய்யர் 26 வயதில் இறந்துவிட்டார். மாதவையா 1925 வரை இருந்தார். அவருடைய மகன்தான் மா. கிருஷ்ணன். என் பையில் உரசிக்கொண்டு வந்த இரண்டு புத்தகங்கள் ஒரு பத்திரிகை வழியாகச் சொந்தம். இதைத் திட்டமிட்டு எடுத்துவைக்கவில்லை என்று தங்கையிடம் சொன்னேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. பைண்டில் மூழ்கியிருந்தாள்.

"அக்கா, நடுவுல ஒரு வாரம் இல்ல."

பக்க எண்ணைப் பார்த்தேன், தாவியிருந்தது. அதுவும் கதை கொடைக்கானலில் நடக்கும் பகுதியில். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கேயே அத்தைக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அந்த வாரத்த எதிர்வீட்டு டீச்சர் வாங்கிட்டுப் போனா, திருப்பியே தரல" என்றார் அத்தை, ஏதோ போன மாதம் நடந்ததுபோலக் கோபத்தோடு. "ஆனா எனக்குக் கதை நல்லா ஞாபகம் இருக்குடி. சொல்றேன் கேளு. பூரணி உடம்பு சரியில்லாம கொடைக்கானல்ல இருப்பா. அரவிந்தன் வருவான். குதிரையை விட்டு இறங்கி நேரா வாசலுக்கு…"

தங்கை ஃபோனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அரவிந்தனுக்கு ஏதுக்கா குதிரை? குமுதத்துல ஓடுன ராஜா கதையோட கலந்துருச்சு. பாத்தியா, இதத்தான் நான் சொன்னேன்."

பொத்தினது சரியாகப் பொத்தவில்லை போலிருக்கிறது.

"ஒண்ணும் கலக்கல. கொடைக்கானல்ல குதிரைக்கா பஞ்சம்?" என்றது ஃபோன். "இறங்கி நேரா வாசலுக்கு வந்தானா…"

நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார். பெருமாள்மலை வரை அத்தை சொல்லிக்கொண்டே வந்தார், அதற்குப் பிறகு சிக்னல் இல்லை.